முப்பத்தொன்றாவது ஸ்லைடு

ஹெர்னே,
6 மார்ச் 2012, செவ்வாய்

அன்புள்ள இர்மிக்கு,

உன் கணவன் ஏவால்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெந்நீர்க் கொதிகலனும் நலம். அங்கே கடற்கரையில் நீயும் உன் புது இடுப்பும் நலமா?

இந்த இரண்டு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சிரிக்காதே. அடுத்த மே மாதம் நமக்குத் திருமணமாகி ஐம்பது வருடம். இத்தனை வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுதி முடித்ததும் எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்திலிருந்தும் அது கடிதம் போலத்தான் இருக்கிறது.

எழுதப் படிக்கப் போகும் வகுப்பில் திருமதி லெம்கே சொல்கிறார், பிழை வந்தால் நிற்கக் கூடாதாம், தாண்டிப் போக வேண்டுமாம். ஆகவே நான் தாண்டிப் போகிறேன். தாண்ட முடியாத இடத்தில் அகராதியை எடுக்கிறேன். அகராதி ஒரு நல்ல பொருள் இர்மி. இத்தனை நாள் அது நம் வீட்டு அலமாரியில் இருந்தது, நான் அதை வைத்து மேசைக்கால் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது கெட்ட செய்தி. நம் பெண் ஹைட்ரூன் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை நான் கொன்றுவிட்டேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

இதை மறைத்துவைக்கத்தான் நினைத்தேன். ஆனால் கடிதத்தில் வேறு என்ன எழுதுவது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டை மாற்றிய பிறகு நீ சிகிச்சைக்குப் போயிருக்கும் இந்த மூன்று வாரத்தில் நம் ஸ்லைடுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, பொன்விழா அன்று தேவாலயக் கூடத்தில் பெரிய திரையில் காட்ட வேண்டும் என்பது திட்டம். ஹைட்ரூன் அதற்கென்று ஒரு ஸ்கேனரை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள். இருபதாம் தேதி திருப்பித் தர வேண்டும். நல்ல இயந்திரம். நம் புரொஜெக்டரில் போடும் அதே ஐம்பது பட நீளத் தட்டை அப்படியே இதில் வைத்துவிடலாம். அதுவே ஒவ்வொரு படமாக உள்ளே இழுக்கும், வெளிச்சம் போட்டுப் பார்க்கும், திரும்ப வைக்கும், அடுத்ததை எடுக்கும். பட்டனை அழுத்திவிட்டு நாம் காபி குடிக்கலாம். அப்படித்தான் ஹைட்ரூன் சொன்னாள்.

நான் பட்டனை அழுத்தினேன். காபி போட்டேன். முதல் தட்டில் இருபத்து மூன்று படம் ஒழுங்காக வந்தது. நீ ஆப்பிள் மரத்தடியில் எடுத்த பால்காரனின் குதிரை திரையில் வந்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. இருபத்து நான்காவது வர வேண்டிய நேரத்தில் திரை முழுக்க நீலமாகிவிட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து, மேலிருந்து கீழ்வரை. பிறகு எல்லாம் கறுத்துவிட்டது.

இர்மி, சுரங்கத்தில் கீழே இருக்கும்போது விளக்கு அணைந்தது போல இருந்தது. காபிக் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நீலத் திரை வந்த அந்த நொடியில் நான் ஓடவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை வாசிப்பதற்குள் கறுத்துவிட்டது.

மறுபடி போட்டேன். பத்தொன்பதில் செத்தது. மறுபடி. இருபத்தாறு. எதிர்வீட்டு துர்சுனைக் கூப்பிட்டேன். என்னோடு நிலக்கரி வெட்டியவன் இன்று கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வேலை பார்க்கிறான். வந்து அவன் கண்ணெதிரிலேயே போட்டோம், நான்காம் தடவையும் செத்தது. நான் வேகமாக வாசித்து மூன்று வார்த்தை சொன்னேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, படிப்பு போதவில்லை போலிருக்கிறது என்றேன்.

துர்சுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அண்ணே, நீங்க அஞ்சு மாசமா படிக்கிறீங்க, நான் அம்பது வருஷமா படிக்கிறேன். அந்த நீலத்துல எழுதியிருக்கறது அதை எழுதினவனுக்கே புரியாது. அத வச்சு உங்க படிப்ப எடை போடாதீங்க” என்றான். பிறகு, “அண்ணி இல்லாத நேரத்துல வீட்ட கொளுத்தாம இருந்தா சரி” என்றும் சொன்னான்.

கை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். எத்தனை பிழை என்று எண்ணாதே. எண்ணினாலும் சொல்லாதே.

கடவுள் உன்னையும் உன் இடுப்பையும் காக்கட்டும்.

உன்,
ஏவால்ட்

*

ஹெர்னே,
12 மார்ச் 2012, திங்கள்

அன்புள்ள இர்மிக்கு,

நேற்று போனில் நீ என் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியதாகச் சொன்னாய். பால்காரனின் குதிரையை எல்லோரும் கேட்டார்களாமே. போனை வைத்துவிட்டு நான் வெளியே போய்த் தெருவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. துர்சுன் மூன்று நாள் போராடினான். நீ அவன் மனைவிக்கு ஏதாவது வாங்கி வா, மூன்று நாளும் அவன் சாப்பாடு ஆறிப்போனது என் கணக்கில்தான்.

அவன் முதலில் கம்பியை மாற்றினான். அப்படியும் செத்தது. கம்பியைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் சொருகிப் பார்த்தான். மூன்று படம் கூடுதலாக வந்தது, பிறகு நீலம். ஹைட்ரூன் விட்டுப்போன விடுமுறைப் படங்களால் உள்ளே இடமே இல்லை என்று கண்டுபிடித்து, அவளிடம் கேட்டு, அவற்றை வேறு இடத்துக்கு மாற்றினான். அன்று ஒரு தட்டு முப்பத்தெட்டுவரை போனது. நாங்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். முப்பத்தொன்பதில் நீலம்.

அப்போதுதான் அவன் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். “அண்ணே, நீங்க சும்மா ஒக்காந்து அதிர்ச்சி ஆகறதுக்குப் பதிலா ஒரு நோட்டு போடுங்க. என்னைக்கு, எந்தத் தட்டு, எத்தனாவது படத்துல செத்துச்சு, அதுக்கு முன்னாடி நாம என்ன மாத்தினோம். எல்லாத்தையும் எழுதுங்க” என்றான்.

ஷிப்டு முடிந்ததும் மேஸ்திரி எழுதுவாரே, அந்த மாதிரி ஒரு நோட்டு, என் கையெழுத்தில். முப்பத்திரண்டு வருடம் மேஸ்திரி எழுதும்போது நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நான் எழுதுகிறேன், துர்சுன் நிற்கிறான். அவன் வேண்டுமென்றே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். திருடன்.

நோட்டு இரண்டு பக்கம் ஆனதும் துர்சுன் அதை விரல் வைத்து வாசித்தான். செத்த எண்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. இருபத்து நான்கு, பத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்தொன்பது. அவன் சொன்னான்: “எடம் மாறி மாறி செத்தா குத்தம் கம்ப்யூட்டர் மேல. ஒரே எடத்துல செத்தா குத்தம் படத்து மேல. இது கம்ப்யூட்டர்தான்.”

விஷயம் இதுதான் இர்மி. அந்த ஸ்கேன் செய்யும் புரோகிராம் ஒவ்வொரு படத்தையும் எடுத்து ஒரு வண்டியில் போடுகிறது. படத்தைச் சேமித்த பிறகு வண்டியைக் காலி செய்ய வேண்டும். அது காலி செய்வதில்லை. அடுத்த படம், அதற்கு மேல் அடுத்த படம். கீழே நாங்கள் கரி வண்டியை அப்படி நிரப்பினால் மேஸ்திரி காதைத் திருகுவார். கம்ப்யூட்டருக்கு மேஸ்திரி இல்லை, அது நிரம்பி வழிந்து நீலமாகிவிடுகிறது. போதாததற்குத் தூசியும் கீறலும் நீக்கும் ஒரு வசதியை நான் போட்டுவைத்திருந்தேன், அது வண்டியை இரண்டு மடங்கு வேகத்தில் நிரப்பியது.

இப்போது அந்த வசதியை நிறுத்திவிட்டோம். பத்துப் படம் எடுத்ததும் புரோகிராமை மூடுகிறோம், திரும்பத் திறக்கிறோம். வண்டி காலி. வெள்ளிக்கிழமையிலிருந்து நீலத் திரை வரவேயில்லை. பதினொரு தட்டு முடிந்துவிட்டது. தூசியோடுதான் இருக்கிறது, பரவாயில்லை, அது நம் தூசி.

ஒரே ஒரு தட்டு மட்டும் அடம்பிடிக்கிறது. சிவப்புத் தட்டு. எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேடிக்கைத் தட்டு. அது முப்பத்தொன்றில் நிற்கிறது. நீலமாகவில்லை. ஸ்கேனரின் கை முன்னும் பின்னும் இழுத்து ஒரு சத்தம் போடுகிறது, பிறகு கம்ப்யூட்டர் கல்லாகிவிடுகிறது, சுட்டிகூட நகர்வதில்லை. பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. நான்கு தடவை போட்டேன், நான்கு தடவையும் முப்பத்தொன்று. நோட்டில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, குற்றம் படத்தின் மேல்.

காரணம் நான்தான் என்று நினைக்கிறேன். என் டேப்புகள். உனக்கு நினைவிருக்கும், நீ படம் எடுத்து அட்டைச் சட்டத்தில் வைத்து விளிம்பில் பேனாவால் ஏதாவது எழுதித் தருவாய், நான் அதன் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் கலர் டேப்பை ஒட்டுவேன். பயணத்துக்கு நீலம், குடும்பத்துக்குப் பச்சை, சிரிப்பதற்குச் சிவப்பு. எழுத்து உனக்கு, நிறம் எனக்கு. இத்தனை வருடத்தில் சிவப்பு டேப்பின் பசை உருகி வெளியே வந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கை ஒன்றை இழுக்கிறது, இரண்டு வருகிறது, வாயில் சிக்குகிறது. நாளை மறுநாள் துர்சுனும் நானும் அந்த டேப்புகளை உரிக்கப்போகிறோம். உன் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொள்கிறேன், சூடு பட்டால் பசை இளகும் என்கிறான்.

நன்றாக நட. மருத்துவர் சொன்னதற்கு மேல் நடக்காதே.

உன்,
ஏவால்ட்

*

ஹெர்னே,
15 மார்ச் 2012, வியாழன்

இர்மி,

இதை நான்கு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நலமா என்று கேட்டு ஆரம்பித்தேன், கேட்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை மேசையில் வாசிக்காதே. உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசி.

நேற்று மதியம் சிவப்புத் தட்டில் முப்பத்தொன்று முதல் முப்பத்தேழுவரை ஏழு படம் ஒரு கட்டியாக ஒட்டியிருந்ததை வெளியே எடுத்தோம். ஏழிலும் மூலையில் உன் கையால் ஒன்று, இரண்டு என்று எண் இருந்தது. எண் எனக்கு எப்போதும் தெரியும், அதனால்தான் அந்த நாளில் வரிசை மாறாமல் அடுக்கியிருக்கிறேன். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் என் சிவப்பு டேப்.

முதல் படத்தின் டேப்பை நான் அவசரப்பட்டுப் பிடித்து இழுத்துவிட்டேன். அட்டையின் தோலே அதோடு வந்துவிட்டது. அட்டையில் “அன்புள்ள ஏவால்ட்” என்பது மட்டும் மிஞ்சியது. மிச்சம் டேப்பின் பசைக்குள் போய்விட்டது, வெளிச்சத்தில் பிடித்தும் கண்ணாடியில் காட்டியும் பார்த்துவிட்டோம், வாசிக்க முடியவில்லை.

அதன் கீழே எழுத்து இருந்ததைப் பார்த்ததும் துர்சுன் துள்ளிவிட்டான். “அட, அண்ணி கையெழுத்து! அண்ணே, நிறுத்துங்க, நான் சூடு காட்டறேன், நீங்க மெதுவா எடுங்க. படிக்கறது நீங்கதான். நான் வாயத் திறக்க மாட்டேன்” என்றான். நானும் துள்ளினேன் இர்மி. உன் கையெழுத்து என் பெயரை எழுதியிருக்கிறது, அதை நான் வாசிக்கிறேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அடுத்த கால்மணி நேரத்தில் நடந்ததற்கு முன்னால் நான் அப்படி இருந்தேன்.

இரண்டாவது படம், எஸ்ஸனில் இருந்த பிரிங்க்மன் புகைப்பட ஸ்டுடியோவின் இருட்டறை விளக்கு. நீ எழுதியிருந்தாய்: பிரிங்க்மன் என்னைத் தொழில் பழக எடுத்துக்கொள்கிறார், மூன்று வருடம்.

நான் எழுத்துக் கூட்டி முடித்ததும் துர்சுன் கை தட்டினான்.

மூன்றாவது, எஸ்ஸன் ரயில் நிலையம். ரயில் 7.40, திரும்புவது 4.10.

கை தட்டினான். நானும் சிரித்தேன்.

நான்காவது, மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு. உன் சாப்பாடு ஒரு நாளும் தாமதமாகாது.

துர்சுன் கை தட்டவில்லை.

ஐந்தாவது, உன் அக்கா மடியில் ஹைட்ரூன். அக்கா பார்த்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன்.

ஆறாவது, நாள்காட்டி. அக்டோபர் ஒன்றுக்குள் கணவன் சம்மதம் என்று உன் கையெழுத்து கேட்கிறார்.

ஏழாவது, கண்ணாடி முன் நீ, முகத்தைக் காமிரா மறைத்திருக்கிறது. இதைப் போல நான் எதையும் விரும்பியதில்லை. சம்மதமா?

துர்சுன் கருவியை அணைத்தான். அவன் எழுந்து, “அண்ணே, நான் நாளைக்கு வர்றேன்” என்றான். டீ ஊற்றி வைத்திருந்தேன், குடிக்காமல் போய்விட்டான்.

நான் அந்த ஏழையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். நான் தவறாக வாசித்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு. அகராதியை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். தவறில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றையும் தவறாக வாசிக்கவில்லை.

1965. என் இருபத்தேழாவது பிறந்தநாள், வியாழக்கிழமை. நீ இந்த ஏழு படத்தையும் ஒரு சிறிய டப்பாவில் வைத்துக் கொடுத்தாய். “இத முதல்ல நீ மட்டும் பாரு ஏவால்ட், வேற யாருக்கும் காட்டறதுக்கு முன்னாடி” என்றாய். அந்தக் குரல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளக்கு, ரயில் நிலையம், மூடிய தட்டு, முகமில்லாத பெண். ஒன்றும் விளங்கவில்லை. என்னைச் சிரிக்கவைக்கத்தான் எடுத்தாய் என்று முடிவு செய்தேன். சிவப்பு டேப் ஒட்டினேன்.

அப்போது உனக்கு என்னைப் பற்றித் தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ ஒரு காகிதத்தை நீட்டினால் நான் மேசையைத் தட்டுவேன், வேலை முடிந்து வருகிறவனிடம் காகிதத்தைக் கொண்டுவராதே என்று கத்துவேன். கோபக்காரன் என்று நீ நினைத்தாய். பயந்தவன் என்று உனக்குத் தெரியாது. அதனால்தானே காகிதத்தை விட்டுவிட்டு, நான் ஆசையாகத் தொடும் ஒரே பொருளில் எழுதினாய். எவ்வளவு யோசித்திருக்கிறாய் இர்மி.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் அவர் மனைவியும் மற்ற நாலு பேரும் வந்தார்கள். திரைச்சீலையை இழுத்து புரொஜெக்டரைப் போட்டேன். நான் சொன்னதை எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் மறுபடி டேப் ஒட்டுவது போல ஆகும்.

இருட்டறை விளக்குக்கு, “பிரிங்க்மன் மின்சாரக் கட்டணம் கட்டல போல” என்றேன். ரயில் நிலையத்துக்கு, “எம் பொண்டாட்டி ஸ்டேஷன் மாஸ்டர் ஆகப் போறா, நாளைலேர்ந்து எல்லாரும் சல்யூட் அடிங்க” என்றேன். மூடிய தட்டுக்கு, “எனக்கு என்ன சமைச்சிருக்கான்னு அவளுக்கே பாக்க தைரியம் இல்ல, மூடிட்டா” என்றேன். மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தார். ஏழாவதுக்கு, “யாருன்னு தெரியல, ஆனா மூஞ்சி இல்லாததால வாயும் இல்ல, இவளயே கட்டியிருக்கலாம்” என்றேன். அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

நீயும் சிரித்தாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நேற்று யோசித்துப் பார்த்தேன். நீ எழுந்து சமையலறைக்குப் போனாய். உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்தாய். அதில் உப்பு இல்லை. அதற்கும் நான் ஒரு வேடிக்கை சொன்னேன்.

சம்மதமா என்று கேட்டாய். அதன் மேல் டேப் ஒட்டினேன், ஊரைக் கூட்டிச் சிரித்தேன். உனக்கு அது பதில். வேறு எப்படி எடுத்துக்கொள்வாய்?

அந்தக் குளிர்காலத்தில் காமிராவை என் கையில் கொடுத்தாய். “இனிமே நீ எடு” என்றாய். என்னை நம்பிக் கொடுத்தாய் என்று நான் பெருமைப்பட்டேன், சுரங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். இந்த இரண்டு வாரமாகத் தட்டுத் தட்டாகப் படங்கள் திரையில் ஓடுகின்றன. அறுபத்தைந்துவரை படங்களில் நீ இல்லை. குதிரை, மரம், மழையில் சைக்கிள், எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. அறுபத்தாறிலிருந்து ஒவ்வொரு படத்திலும் நீ இருக்கிறாய், கடல் சாய்ந்திருக்கிறது, பாதிப் படத்தில் உன் தலை இல்லை. நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை நேற்றிலிருந்து உட்கார விடவில்லை.

1974இல் நம் சுரங்கத்தை மூடினார்கள். வேறு சுரங்கத்துக்கு மாற்றும் படிவம் வந்தது. கண்ணாடியை மறந்துவிட்டேன், நீ வாசி என்றேன். நான் கண்ணாடி போடுகிறவனே இல்லை. நீ ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாய். பிறகு, “குடு, நான் படிக்கறேன்” என்றாய். அன்றிலிருந்து எல்லாக் காகிதத்தையும் நீதான் வாசித்தாய், ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மதியம் துணி துவைக்கும் இடத்தில் நின்று நீ அழுதாய். எனக்காக அழுகிறாய் என்று நினைத்தேன். என் புருஷனுக்கு எழுத்து தெரியவில்லையே என்று.

அன்றைக்குத்தான் உனக்குத் தெரிந்தது இல்லையா? நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்பது. ஒன்பது வருடம் கழித்து. பிரிங்க்மன் கடையை மூடிவிட்டுப் போன பிறகு.

அப்போதாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நேற்று உன் மேல் கோபம்கூட வந்தது. மேசையைத் தட்டக் கையை ஓங்கினேன். பிறகு புரிந்தது. சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருடம், யார் வந்தாலும் “ஏவால்ட், அந்தச் செவப்புத் தட்டப் போடு” என்று கேட்பார்கள், நான் போடுவேன், ஸ்டேஷன் மாஸ்டர் என்பேன். நீ எல்லாம் தெரிந்து அந்த அறையில் உட்கார்ந்திருந்தாய். பாலாடைக்கட்டியைக் குச்சியில் குத்திக்கொண்டு.

இன்று காலை துர்சுன் வந்தான். ஏழு படத்தையும் பஞ்சால் துடைத்துக் காயவைத்திருந்தேன். அவன் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேனரில் வைத்தான், ஏழும் சிக்காமல் போனது, கம்ப்யூட்டர் சாகவில்லை. “ஓடுதுண்ணே” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “இத விழாவுல போட வேணாம்ணே” என்றான். போட மாட்டேன் என்றேன். சிவப்புத் தட்டு முழுவதையும் எடுத்துவிட்டேன்.

விழாவில் மற்ற படங்களை யாராவது பேசிக் காட்ட வேண்டுமே என்று ஹைட்ரூன் போனில் கேட்டாள். நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ பேசினால் நான் பட்டனை மட்டும் அழுத்துகிறேன். நீ பேச விரும்பாவிட்டால் படமே வேண்டாம். விழாவே வேண்டாம் என்று நீ நினைத்தால் அதையும் எழுது, கூடத்தை நான் போய் ரத்து செய்கிறேன். படிவம் நிரப்ப வேண்டியிருக்கும், நானே நிரப்புவேன்.

மன்னித்துவிடு என்ற வார்த்தையை அகராதியில் பார்த்து வைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது என்று தெரியும். எழுதியும் விட்டேன் பார். ஆனால் அந்த வார்த்தை அந்த மூன்று வருடத்துக்குப் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது இதைப் பற்றிப் பேச வேண்டாம் இர்மி. பேசினால் நான் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். வானிலை சொல், இடுப்பைப் பற்றிச் சொல், வைத்துவிடு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். முதல் படத்தில் ஸ்டுடியோவின் முகப்பு இருக்கிறது, அன்புள்ள ஏவால்ட் என்று இருக்கிறது, அதற்குப் பின்னால் நீ எழுதியதை நான் கிழித்துவிட்டேன். அந்த வரி என்ன? நினைவிருந்தால் அதை எழுதி அனுப்பு. நினைவில்லை என்றால் இப்போது என்ன தோன்றுகிறதோ அதை எழுது. திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது. நீளமாக எழுது, சின்ன எழுத்தில் எழுது, கடினமான வார்த்தை போட்டு எழுது, எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

எழுது இர்மி. நான் வாசிப்பேன்.

ஏவால்ட்